ஊரையே கூட்டிப் போனவர்!



விடுமுறை நெருங்கினால் உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? மலை மேலே, நடுவில் பெரிய ஏரி இருக்கிற ஊருக்குப் போய் வரலாமா என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எந்த ரயில், எத்தனை நாள், எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று அப்பா கணக்குப் போடுவார். ஸ்வெட்டர் எத்தனை எடுத்து வைப்பது என்று அம்மா யோசிப்பார். நீங்களோ, படகில் முன்னால் உட்காரப் போவது யார் என்று இப்போதே சண்டையைத் தொடங்கியிருப்பீர்கள்!

நான்கு பேர் போகிற பயணத்துக்கே இவ்வளவு கணக்கு. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்காக, இந்தக் கணக்கையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து போட்டார். முதலில் தப்பாகவும் போட்டார். ஊர் முழுக்கத் திட்டு வாங்கினார். கையில் இருந்த பணத்தையும் இழந்தார். ஆனாலும் விடவில்லை. அவர்தான் தாமஸ் குக். இன்று நாம் சுற்றுலா போகும் முறைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர். அவருடைய கதையைக் கேளுங்கள்.

ஒரு நாள் கூலி ஒரு பென்னி

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே மெல்போர்ன் என்று ஒரு சிற்றூர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெரிய நகரமா என்று கேட்காதீர்கள், இது வேறு! அந்தச் சிற்றூரில் 1808-ம் ஆண்டு நவம்பர் 22-ம் தேதி தாமஸ் குக் பிறந்தார். நான்கு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. தோட்ட வேலைக்குப் போனார். நாள் முழுவதும் வேலை செய்தால் கூலி ஒரு பென்னி. அந்தக் காலத்தில் பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியானால் ஒரு ஷில்லிங் சம்பாதிக்கச் சிறுவன் தாமஸ் எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். இந்த ஷில்லிங் கதையில் மறுபடியும் வரும்.

பதினான்கு வயதில் மரச்சாமான்கள் செய்யும் தச்சு வேலையைக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். இருபது வயதில் ஊர் ஊராகப் போய் மதப் பிரசாரம் செய்யும் பணி கிடைத்தது. வண்டிக்குக் கொடுக்கப் பணம் ஏது? நடந்தே போனார். 1829-ம் ஆண்டில் மட்டும் அவர் நடந்த தூரம் ஏறக்குறைய 3,400 கிலோ மீட்டர்! வழி நெடுக அவர் பார்த்தது உழைக்கும் மக்களின் வாழ்க்கை. வாரம் முழுவதும் தொழிற்சாலையில் புகைக்கு நடுவே வேலை. ஓய்வு கிடைத்தால் போக இடமில்லை. பலரும் மதுக்கடைக்குப் போனார்கள். கூலியைக் குடித்துத் தீர்த்தார்கள். வீட்டில் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள்.

குடிப் பழக்கத்தை ஒழிக்கும் இயக்கத்தில் குக் சேர்ந்தார். அவருக்கு ஒன்று புரிந்தது. குடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்குப் பதிலாக, மனத்துக்கு மகிழ்ச்சி தரும் வேறு ஒன்றைக் காட்ட வேண்டும்.

நடந்தபோது வந்த யோசனை

1841-ம் ஆண்டு ஜூன் மாதம். குக்குக்கு 32 வயது. மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் தச்சு வேலை செய்து கொண்டிருந்தார். மது ஒழிப்புக் கூட்டத்துக்காக லெஸ்டர் நகரத்துக்குக் கிளம்பினார். தூரம் சுமார் 24 கிலோ மீட்டர். வழக்கம் போல நடைதான்!

அப்போது இங்கிலாந்தில் ரயில் புதிது. நடந்து கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று ஒரு யோசனை. தனி ரயில் ஒன்றை அமர்த்தி, ஏழை எளிய மக்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் வந்தால் என்ன? அன்றைய கூட்டத்திலேயே அதைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். குக் ரயில்வே கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

1841 ஜூலை 5-ம் தேதி, சுமார் 500 பேருடன் அந்த ரயில் லெஸ்டரில் இருந்து லஃப்பரோவுக்குக் கிளம்பியது. தூரம் ஏறக்குறைய 18 கிலோ மீட்டர்தான். பெட்டிகளுக்குக் கூரை கிடையாது. பேண்டு வாத்தியம் முழங்கியது. வழியெல்லாம் மக்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். லஃப்பரோவில் விளையாட்டு, தேநீர் விருந்து எல்லாம் நடந்தன. போக, வரக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஷில்லிங்!

அன்று ரயிலில் வந்தவர்களில் பலர், தங்கள் ஊர் எல்லையைத் தாண்டி அதிகம் போகாதவர்கள். அவர்கள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைக் குக் மறக்கவே இல்லை.

மலை உச்சியில் ஓர் ஆசை

அடுத்த சில ஆண்டுகள் லாபம் பார்க்காமல் இப்படிப் பல பயணங்களை நடத்தினார். 1845-ல்தான் இதைத் தொழிலாகத் தொடங்கினார். முதல் பயணம் லிவர்பூல் துறைமுகத்துக்கு. குக் முன்கூட்டியே போய் விடுதிகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் நேரில் பார்த்து வந்தார். எங்கே என்ன பார்க்கலாம் என்று ஒரு கையேடும் அச்சிட்டார். டிக்கெட்டுகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன!

அந்தப் பயணத்தில் விருப்பப்பட்டவர்களை வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலைக்கும் அழைத்துப் போனார். மலை உச்சியில் நின்றபோது அவர் மனம் இன்னும் வடக்கே பறந்தது. ஸ்காட்லாந்து! உயர்ந்த மலைகளும், அவற்றுக்கு நடுவே நீண்ட ஏரிகளும் நிறைந்த பகுதி. அடுத்தது அங்கேதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

1846 கோடையில் சுமார் 350 பேரோடு ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டார். அங்கேதான் சறுக்கியது.

நீண்ட ரயில் பயணம். ஆனால் ரயிலில் கழிவறையே இல்லை! பெரியவர்களும் பெண்களும் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பிரஸ்டன் என்ற ஊரில் தேநீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரயில் நின்றது. பசியோடு இறங்கினார்கள். தேநீரைக் காணோம்! அதன் பிறகு கப்பல். அதில் எல்லாருக்கும் அறை போதவில்லை. பலர் ஈரத்தில் நனைந்தபடி மேல்தளத்திலேயே இரவைக் கழித்தார்கள். கிளாஸ்கோ நகரம் அவர்களைப் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்றது உண்மைதான். ஆனால் பட்ட அவதி மறக்குமா? ஊர் திரும்பியதும் குறைகள் குவிந்தன. பத்திரிகையும் கண்டித்து எழுதியது. அதே ஆண்டில், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் குக் திவால் ஆனார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போதுமடா சாமி என்று தச்சு வேலைக்கே திரும்பியிருப்பீர்களோ? குக் அடுத்த ஆண்டே மறுபடியும் ஸ்காட்லாந்துக்கு ஆட்களை அழைத்துப் போனார்! அந்த ஏரிகளும் மலைகளும் பிறகு அவருடைய முக்கியமான சுற்றுலா இடங்களாகிவிட்டன. அங்குள்ள அயோனா என்ற தீவில் மீனவர்கள் வறுமையில் வாடியதைக் கண்டு, தம் பயணிகளிடம் நன்கொடை திரட்டி மீன்பிடிப் படகுகள் வாங்கக் கொடுத்தார்.

1851-ல் லண்டனில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. தொழிலாளிகள் வாராவாரம் சிறு தொகை சேமித்துப் பயணக் கட்டணம் கட்டுவதற்குக் குக் சங்கங்கள் அமைத்தார். சுமார் ஒன்றரை லட்சம் பேர் அவர் மூலம் பொருட்காட்சிக்குப் போய் வந்தார்கள்!

மூடிய கதவு... திறந்த வழி!

1862-ல் இன்னோர் அடி. ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள், இனி உங்களுக்குக் கூட்டமாக டிக்கெட் தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டன. பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த தொழில் ஒரே நாளில் நின்றுபோகும் நிலை. குக்குக்கு அப்போது 53 வயது.

ஸ்காட்லாந்து இல்லையென்றால் என்ன? மலையும் ஏரியும் உலகில் வேறெங்கும் இல்லையா? அவர் பார்வை கடல் தாண்டி சுவிட்சர்லாந்து பக்கம் திரும்பியது. பிரெஞ்சு ரயில் கம்பெனியோடு பேசினார். பல ரயில்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே டிக்கெட் ஏற்பாடு செய்தார். 1863 ஜூன் 26-ம் தேதி லண்டனில் இருந்து பயணிகள் கிளம்பினார்கள்.

ரயில், கப்பல், மறுபடியும் ரயில். பாரிஸ் வழியாக ஜெனீவா நகரத்தை அடைந்தார்கள். பெரிய ஏரிக்கரையில் இருக்கும் ஊர் அது. அதற்கு மேல் சொகுசு கிடையாது. குதிரை வண்டி, கோவேறு கழுதை, இல்லையென்றால் நடை! கூட வந்த குக், மலைப் பகுதி வரை அழைத்துப் போய்விட்டு விடைபெற்றார். ஒரு குழுவினர் துணிச்சலாகத் தாங்களே பயணத்தைத் தொடர்ந்தார்கள். அதில் இருந்தவர் ஜெமிமா மாரல் என்ற இளம்பெண். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையோடு பனிப்பாறைகளைக் கடந்தார். 2,000 மீட்டருக்கும் அதிக உயரமான கெம்மி கணவாயைத் தாண்டினார்.

அவர்கள் இன்டர்லாகன் என்ற ஊரில் தங்கினார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர். பெயரின் பொருளே அதுதான்! பிறகு லூசர்ன் ஏரி. அதன் கரையில் இருக்கும் ரிகி மலைக்கு அப்போது ரயில் கிடையாது. 1871-ல்தான் வந்தது. மேலே ஏறிப் போய் உச்சியில் தங்கினார்கள். எதற்காக? பனி மலைகளுக்குப் பின்னால் சூரியன் உதிப்பதைப் பார்க்கத்தான்!

ஜெமிமா அன்றன்று நடந்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1963-ல் அது புத்தகமாக வந்தது. முன்பு பெண்கள் துணையில்லாமல் வெளிநாடு போவது மிகவும் அரிது. குக் ஏற்பாடு செய்த பயணங்களில் அவர்கள் பயமின்றிப் போக முடிந்தது.

இதெல்லாம் எல்லாருக்கும் பிடித்துவிட்டதா? இல்லை! பணக்காரர்கள் மட்டுமே பார்த்த இடங்களுக்குச் சாதாரண மக்கள் வருவதைச் சிலர் கேலி செய்தார்கள். ஆஸ்திரேலியா வேண்டாம் என்று தள்ளிய கைதிகளைத்தான் குக் இத்தாலிக்கு அழைத்து வருகிறார் என்று, சார்லஸ் லீவர் என்ற எழுத்தாளர் புரளியாக எழுதினார். குக் சளைக்காமல் பதில் எழுதினார். மலையும் ஏரியும் சிலருக்கு மட்டும் சொந்தமா என்பதே அவர் கேள்வி.

உலகைச் சுற்றினார்

வெளியூரில் கையில் பணம் வைத்துக்கொண்டு பயணிகள் பயப்படக்கூடாது அல்லவா? 1868-ல் விடுதிக் கூப்பன் கொண்டு வந்தார். கிளம்பும் முன்பே பணம் கட்டிவிட்டு, விடுதியில் கூப்பனைக் கொடுத்தால் போதும். 1872-ல், தம் 63-ம் வயதில் சிறு குழுவோடு உலகையே சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணம் 222 நாள் நீடித்தது. நம் இந்தியாவுக்கும் வந்து போனார்!

கடைசிக் காலத்தில் துன்பங்கள் சூழ்ந்தன. தொழிலில் கூட்டாளியான மகனோடு மனக்கசப்பு ஏற்பட்டு ஒதுங்கினார். 1880-ல் மகள் ஆனி, வீட்டுக் குளியலறையில் வெந்நீர்க் கருவியின் நச்சு வாயுவால் இறந்தார். நான்கு ஆண்டுகளில் மனைவியும் மறைந்தார். குக்கின் பார்வையும் போய்விட்டது. எத்தனையோ பேருக்கு உலகைக் காட்டியவரால் எதையும் பார்க்க முடியவில்லை. அப்போதும் தாம் பிறந்த ஊரை மறக்கவில்லை. ஏழைகள் தங்குவதற்காக அங்கே வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்தார். 1892 ஜூலை 18-ம் தேதி லெஸ்டரில் காலமானார்.

அவர் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி பல கைகள் மாறி, 2019 செப்டம்பரில் கடன் தாங்காமல் மூடப்பட்டது. ஆனால் அவர் காட்டிய வழியில்தான் இன்றும் உலகமெங்கும் மக்கள் குழுவாகச் சுற்றுலா போகிறார்கள்.

குழந்தைகளே! ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு கழிவறையும் இல்லாமல் போனதால் பட்ட பாட்டைப் பார்த்தீர்கள் அல்லவா? பயணத்துக்குத் திட்டம் போடுவது என்றால் ரயில் நேரம் பார்ப்பது மட்டுமல்ல. கூட வருகிறவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று அவர்கள் கேட்கும் முன்பே யோசிப்பது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் சுற்றுலாப் பேச்சு வந்தால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். பாட்டியால் அவ்வளவு படி ஏற முடியுமா? தம்பிக்கு வழியில் பசித்தால் என்ன கொடுப்பது? மலைப்பாதையில் வாந்தி வருவது யாருக்கு? ஒவ்வொன்றாக எழுதுங்கள். படகில் முன்னால் உட்காருவது யார் என்பதைக் கடைசியாகப் பார்த்துக் கொள்ளலாம்!