மரத்துக்குப் பெயர் டக்ளஸ்... அறிவியல் பெயரில் வேறு ஒருவர்! யார் இந்த டேவிட் டக்ளஸ்?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் கிறிஸ்துமஸுக்கு நிஜ மரம் வாங்கி போட்டோ அனுப்பியிருக்கிறாரா? அது ‘டக்ளஸ் ஃபிர்’ ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் பசுமை மாறா ஊசியிலை மரம் இது. காட்டில் சில மரங்கள் 90 மீட்டரையும் தாண்டும்.

ஆனால் இதன் தாவரவியல் பெயர் ‘சூடோட்சுகா மென்சீசி’. அதில் டக்ளஸ் எங்கே?

கல்தச்சர் மகன்

டேவிட் டக்ளஸ் 1799-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கோன் கிராமத்தில் பிறந்தார். அப்பா கல்தச்சர். சிறுவயதிலேயே ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பிறகு கிளாஸ்கோ தாவரவியல் பூங்கா. அங்கே பேராசிரியர் வில்லியம் ஹூக்கரின் கண்ணில் பட்டார். அவர் சிபாரிசில் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? கண்டம் தாண்டிப் போய் புதுச் செடிகளையும் விதைகளையும் கொண்டு வருவது!

துப்பாக்கியால் சுட்டு எடுத்த காய்

1824-ல் கப்பலேறியவர், தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு 1825 ஏப்ரலில் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் இறங்கினார். அடுத்த இரண்டு வருடம் நடை, குதிரை, படகு என ஆயிரக்கணக்கான மைல் பயணம். ‘சுகர் பைன்’ மர உச்சியில் தொங்கிய கூம்புக் காய்களைத் துப்பாக்கியால் சுட்டுத்தான் கீழே இறக்கினார். டக்ளஸ் ஃபிர் விதைகள் 1827-ல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது முறை போனபோது அதிர்ஷ்டம் கைவிட்டது. 1833-ல் ஃப்ரேசர் ஆற்றில் படகு உடைந்து, சேகரித்த செடிகளும் நாட்குறிப்பும் வெள்ளத்தோடு போயின. கண்பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. 1834 ஜூலையில் ஹவாய் தீவில், காட்டு மாடுகளைப் பிடிக்க வெட்டிய குழிக்குள் அவர் சடலம் கிடந்தது. உள்ளே ஒரு காளையும் இருந்தது. விபத்தா, கொலையா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. வயது வெறும் 35.

சரி, பெயர் ஏன் வரவில்லை?

டக்ளஸுக்கு முன்பே, 1790களில் ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் என்ற கப்பல் மருத்துவர் அந்த மரத்தின் மாதிரியைச் சேகரித்துவிட்டார். இவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1803-ல் வைத்த ‘டாக்சிஃபோலியா’ என்ற பெயர், ஏற்கெனவே வேறொரு மரத்துக்கு வைக்கப்பட்டிருந்ததால் பின்னாளில் செல்லாமல் போனது. 1825-ல் மிர்பெல் என்ற பிரெஞ்சு அறிஞர் மென்சீஸ் பெயரைச் சூட்டினார். டக்ளஸ் கொலம்பியா கரையில் இறங்கியதும் அதே வருடம்தான்!

செல்லுபடியாகும் பெயர்களில் எது முதலில் அச்சானதோ அதற்கே உரிமை. இதுதான் தாவரவியல் விதி. உழைப்பு, ஆபத்து எதுவும் கணக்கில் வராது. ‘போலி ட்சுகா’ என்று பொருள்படும் பேரினப் பெயர் 1867-ல் வந்தது. ட்சுகா என்பது வேறொரு ஊசியிலை மரத்தின் ஜப்பானியப் பெயர். இரண்டையும் சேர்த்து இன்றைய பெயரை 1950-ல் முடிவு செய்தவர் போர்ச்சுகலின் ஃபிராங்கோ.

இதில் யாருமே அந்த மரத்தை ‘முதலில்’ பார்த்தவர்கள் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக அதோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் மொழிகளில் அதற்குப் பெயர்களும் இருந்தன. அறிவியல் ஏட்டில் அவை ஏறவே இல்லை.

டக்ளஸுக்குக் கிடைத்தது பேச்சுவழக்குப் பெயர் மட்டும்தான். ஆனால் மரக்கடையிலும் கிறிஸ்துமஸ் சந்தையிலும் மென்சீசி என்று யார் கேட்கிறார்கள்?