டொலோரஸ் மணியோசை

கோயில் மணி ஒலித்தால் மக்கள் வழிபாட்டிற்குக் கூடுவர்; இஃது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். ஆனால், ஒரு சிற்றூரின் கோயில் மணி ஒரு நாட்டையே அடிமைத் துயிலினின்றும் எழுப்பியது. அந்நாடு மெக்சிகோ, அவ்வூர் டொலோரஸ், அம்மணியை ஒலிப்பித்த பெரியார் மிகேல் இடால்கோ என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் ஆவார்.

இளமையும் கல்வியும்

இடால்கோ 1753ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பென்ஹமோ என்னும் ஊரை அடுத்த கொர்ராலேஹோ பண்ணையில் பிறந்தார். இவர்தம் தந்தையார் அப்பண்ணையின் மேலாளர். ஆதலின், மண்ணை உழுது வருந்தும் ஏழை மக்களின் வாழ்க்கையை இளமையிலேயே அருகிருந்து காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

இவர் வல்லதோலித் நகரத்தில் இருந்த சான் நிக்கோலாஸ் கல்லூரியில் பயின்றார். அந்நகரம் இக்காலத்து மொரேலியா என வழங்குகின்றது. நுண்ணறிவும் சொல்வன்மையும் மிக்க இவரை உடன் பயின்றோர் 'நரி' என்று செல்லப்பெயர் இட்டு அழைத்தனர். 1778இல் குருப்பட்டம் பெற்ற இவர், பின்னர்த் தாம் பயின்ற கல்லூரிக்கே 1790இல் தலைவரானார். 1792இல் அப்பதவியை விட்டு நீங்கி, ஊர்களில் இறைபணி செய்யப் புறப்பட்டார்.

ஊர்த் தொண்டு

1803ஆம் ஆண்டில் டொலோரஸ் கோயிலின் பொறுப்பு இவரிடம் வந்தது. அந்நாளில் மெக்சிகோ, ஸ்பெயின் நாட்டின் ஆட்சியின்கீழ் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அடங்கிக் கிடந்தது. உயர்ந்த பதவிகள் எல்லாம் ஸ்பெயினிலிருந்து வந்தோர்க்கே உரியனவாயின. அந்நாட்டின் பழங்குடி மக்களோ தலைவரி செலுத்தியும் பிறர் நிலத்தில் உழைத்தும் வறுமையில் வாடினர்.

பசித்தோர்க்கு அறவுரை மட்டும் போதாது என்பதை இடால்கோ உணர்ந்தார். ஊராருக்கு மட்கலம் வனைதல், தோல் பதனிடுதல், தச்சு வேலை, கொல்வேலை முதலிய தொழில்களைப் பயிற்றுவித்தார். தேனீ வளர்க்கவும், முசுக்கட்டைச் செடி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கவும் கற்பித்தார். ஸ்பெயின் நாட்டு வாணிகத்திற்கு ஊறு நேருமென்று கொடிமுந்திரியும் ஒலிவமும் பயிரிடுவதை அரசு தடுத்திருந்தது. இவரோ அவற்றையும் ஊரில் வளர்த்தார். பழங்குடியினரின் ஒத்தோமி மொழியைக் கற்று, அவர்களோடு அவர்கள் மொழியிலேயே உரையாடினார். இவ்வாறு எட்டு ஆண்டுகள் கூட நிறைவதற்கு முன்னரே அவ்வூர் மக்களின் உள்ளம் முழுவதும் இவர் வயமாயிற்று.

மணி ஒலித்தது

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் நாட்டைக் கைப்பற்றி, அதன் மன்னரைச் சிறைப்படுத்தினான். மெக்சிகோவில் விடுதலை வேட்கை கிளர்ந்தெழுந்தது. கெரேத்தாரோ நகரில் அன்பர் சிலர் மறைவாகக் கூடி ஆராய்ந்தனர். படைத்தலைவர் இக்னாசியோ அயெந்தே, உவான் அல்தாமா, நகர ஆட்சியாளரின் மனைவியார் ஹோசெபா ஒர்த்தீஸ் அம்மையார் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். இடால்கோவும் அவர்களோடு சேர்ந்தார்.

1810 செப்டம்பரில் அம்மறைசெய்தி வெளிப்பட்டுவிட்டது. கணவர் தம்மை வீட்டினுள் வைத்துப் பூட்டியபோதும் ஹோசெபா அம்மையார் மனம் தளரவில்லை. தரையைத் தட்டிச் சிறைக் காவலர் ஒருவரை அழைத்து, அவர்வழியே நண்பர்களுக்கு எச்சரிக்கை அனுப்பினார். செய்தி நள்ளிரவு கடந்து டொலோரஸை அடைந்தது. ஓடி ஒளிவதா, எழுந்து நிற்பதா என்பதே அப்போது எழுந்த வினா. இடால்கோ எழுந்து நிற்கத் துணிந்தார். அன்று செப்டம்பர் 16ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வைகறையில் கோயில் மணி ஒலித்தது. திரண்டு வந்த மக்களை நோக்கிக் கொடுங்கோலாட்சியை எதிர்த்தெழுமாறு அவர் முழங்கினார். மக்கள் அவரைப் பின்தொடர்ந்தனர்.

வெற்றியும் தோல்வியும்

வழியில் அத்தோத்தோனில்கோ கோயிலில் குவாதலூப்பே அன்னையின் திருவுருவத்தை எடுத்துக் கொடியாக உயர்த்தினர். வேலும் கவணும் மண்வெட்டியும் ஏந்திய உழவர் கூட்டம் நாள்தோறும் பெருகியது. செப்டம்பர் 28இல் குவனஹுவாத்தோ நகரம் வீழ்ந்தது. அங்கே தானியக் களஞ்சியத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலரை அடங்காச் சினங்கொண்ட கூட்டம் கொன்று குவித்தது. பின்னரும் ஸ்பானியக் கைதிகள் பலர் கொல்லப்பட இடால்கோ உடன்பட்டார். பயிற்சியற்ற படையைத் திரட்டுதல் எளிது. அதன் சினத்தைத் தடுத்தல் அரிது. இக்குருதிப் பழியை எண்ணி அவர் பிற்காலத்தில் பெரிதும் வருந்தினார்.

அக்டோபர் 30இல் தலைநகர்க்கு அண்மையில் நிகழ்ந்த போரில் வென்றும், அவர் நகருட் புகாமல் திரும்பினார். அதன் காரணத்தை வரலாற்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். பின்பு குவாதலஹாரா நகரில் தங்கி, 1810 டிசம்பர் 6ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமைகளை வைத்திருப்போர் பத்து நாள்களுக்குள் அவர்களை விடுவித்தல் வேண்டும் என்றும், பழங்குடியினரின் தலைவரி நீங்குக என்றும் அது விதித்தது. அவர் செய்த செயல்களுள் தலைசிறந்தது இதுவே.

1811 ஜனவரி 17இல் கால்டெரோன் பாலத்தருகே நடந்த போரில் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடித்தமையால் விடுதலைப் படை சிதறியது. மார்ச் 21இல் இடால்கோ வஞ்சனையால் பிடிபட்டார். சிவாவா நகரச் சிறையில், தமக்கு அன்பு காட்டிய காவலர்க்கு நன்றி கூறிச் சுவரில் கரித்துண்டால் கவி எழுதினார் என்பர். குருப்பட்டம் பறிக்கப்பெற்று, 1811 ஜூலை 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலையும் தோழர் மூவர் தலைகளும் குவனஹுவாத்தோ களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடப்பட்டன. பத்து ஆண்டுகள் அவை அங்கேயே இருந்தன.

அழியா விழா

அச்சுறுத்த எண்ணியவர் எண்ணம் நிறைவேறவில்லை. இடால்கோ தலைவராய் இருந்த கல்லூரியில் பயின்ற மொரேலோஸ் பாதிரியார் போரைத் தொடர்ந்தார். செப்டம்பர் 16ஆம் நாளை ஆண்டுதோறும் கொண்டாடுதல் வேண்டும் என்று 1813இல் அவர் வகுத்தார். 1821இல் மெக்சிகோ விடுதலை எய்தியது. டொலோரஸ், 'டொலோரஸ் இடால்கோ' என்னும் பெயர் பெற்றது.

அக்கோயில் மணி 1896இல் தலைநகர்க்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரசு மாளிகையில் மாட்டப்பெற்றது. ஆண்டுதோறும் செப்டம்பர் 15ஆம் நாள் இரவு நாட்டின் தலைவர் அதனை ஒலிக்கச் செய்து, விடுதலை வீரர்களின் பெயர்களைக் கூறி வாழ்த்துகின்றார். அதே இரவில், சிற்றூர்களிலும் ஊர்த்தலைவர்கள் நகர மன்ற மாடத்தில் நின்று முழங்குகின்றனர். கீழே கூடிய முதியோரும் சிறுவரும் ஒரே குரலாய் எதிரொலிக்கின்றனர். டொலோரஸ் மக்களோ மணி முதன்முதல் ஒலித்த அக்கோயிலின் முன்னரே கூடுகின்றனர்.

இடால்கோ விடுதலையைக் கண்ணாற் கண்டாரல்லர். அவர் நடத்திய போரும் சில திங்களே நீடித்தது. எனினும், அவர் மணி ஒலித்தபோது மக்கள் ஓடி வந்தனர். அதற்குமுன் அவர்களோடு மண் பிசைந்தும் மரம் நட்டும் அவர் வாழ்ந்திருந்தார். ஊருக்கு உழைத்தவன் அழைத்தாலன்றோ ஊர் எழுந்து வரும்!