சபை விதிகளை எழுதி வைத்தவர்: எர்ஸ்கின் மேயின் கதை

நாடாளுமன்ற நேரலையைப் பார்ப்பவர்களுக்கு ஒழுங்குப் பிரச்சினை என்ற சொல் பழக்கமானது. உறுப்பினர் ஒருவர் எழுந்து அதைக் கிளப்புவார். சிலவேளை தடித்த நூலொன்றை ஆதாரம் காட்டுவார். அந்த நூலை எர்ஸ்கின் மே என்பார்கள். எழுதியவரின் பெயரே நூலின் பெயராகிவிட்டது.

தோமஸ் எர்ஸ்கின் மே 1815இல் லண்டனில் பிறந்தார். 16 வயதில் பொதுமக்கள் சபையின் உதவி நூலகரானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1834 ஒக்டோபர் 16 இரவு, வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகை தீப்பற்றியது. இரு சபைகளின் மண்டபங்களும் எரிந்தன. பெருந்தொகை ஆவணங்கள் சாம்பலாகின. அது எப்படிப்பட்ட இழப்பு என்று யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

அந்நாட்களில் சபை நடைமுறை ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. பழைய குறிப்பேடுகளிலும் சபாநாயகர்களின் தீர்ப்புகளிலும் மூத்தவர்களின் நினைவிலும் சிதறிக் கிடந்தது. மே அதைத் தேடித் தொகுத்து 1844இல் நூலாக்கினார். ஒரு சட்டமூலம் மூன்று வாசிப்புகளையும் குழுநிலையையும் எப்படிக் கடக்கிறது, இரு சபைகளும் முரண்பட்டால் என்ன செய்வது, முடியின் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. பெரும்பான்மை நினைத்தபடி சபையை நடத்த முடியாது, அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு என்பதே அதன் அடிப்படை.

1871இல் அவர் சபையின் தலைமை எழுதுவினைஞரானார். பத்து ஆண்டுகளில் சோதனை வந்தது. அயர்லாந்தில் சந்தேகத்தின் பேரில் விசாரணையின்றித் தடுத்து வைக்க அரசு சட்டமூலம் கொண்டுவந்தது. பார்னெல் தலைமையிலான ஐரிஷ் உறுப்பினர்களுக்கு அதைத் தோற்கடிக்க வாக்குப் பலம் இல்லை. பேசும் உரிமை மட்டுமே இருந்தது. விதிகளுக்குள் நின்று மாறி மாறிப் பேசினார்கள். 1881 ஜனவரி 31இல் தொடங்கிய அமர்வு 41 மணித்தியாலங்கள் நீண்டது. பெப்ரவரி 2 காலை, எந்த விதியும் இடம் தராத நிலையில், சபாநாயகர் பிராண்ட் தன் அதிகாரத்தால் விவாதத்தை முடித்து வைத்தார். மறுநாள் 36 ஐரிஷ் உறுப்பினர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள். 1882இல் விவாதத்தை முடிக்கும் அதிகாரம் நிலையியற் கட்டளையாகவே வந்தது. அப்போது சபையின் நடைமுறை ஆலோசகர் மே.

1886இல் ஓய்வுபெற்ற அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள், மே 17இல், இறந்தார். பிள்ளைகள் இல்லாததால் பட்டமும் அவரோடு முடிந்தது. நூல் இன்னும் புதிய பதிப்புகள் காண்கிறது.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் இலங்கைக்கும் அதே அமைப்பு வந்தது: முடி, பிரதிநிதிகள் சபை, 30 பேர் கொண்ட செனற் சபை. மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இரு சபைகளையும் கடந்தே நிறைவேறியது. 1956 தனிச் சிங்களச் சட்டமும் அப்படித்தான். வாசிப்புகள் நடந்தன, வாக்கெடுப்பும் நடந்தது. செனற் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது.

நடைமுறை விதி சிறுபான்மைக்கு வாக்குகளைத் தராது. நேரத்தையும் குரலையும் மட்டுமே தரும். அதையும் பெரும்பான்மையால் மாற்றிவிட முடியும் என்பதற்கு 1881 சாட்சி. ஆனாலும் அந்த நேரத்தில் பேசப்பட்டவை ஹன்சாட்டில் நிற்கின்றன. யார் எதிர்த்தார்கள், யார் கை உயர்த்தினார்கள் என்று இன்றும் பார்த்துச் சொல்ல முடிவது அதனால்தான்.