கனவை வரவழைத்துப் பார்த்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்)

கனவு கண்டுகொண்டிருக்கும்போதே, இது கனவுதான் என்று சிலருக்குத் தெரிந்துவிடும். பயிற்சி செய்தால் அந்தக் கனவின் போக்கையே நாம் மாற்றலாம் என்று சொல்லும் காணொளிகளை நம் பிள்ளைகள் இன்று கைபேசியில் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு லூசிட் ட்ரீம் என்று பெயர். தூங்குபவர் முன்பே பேசிவைத்தபடி கண்ணை அசைத்துச் சைகை காட்ட முடிகிறது என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜ் 1980-களில் பதிவு செய்தார்.

ஆனால் கனவு நம் கையில் இருக்கிறதா என்ற கேள்வி புதிதல்ல. 600 ஆண்டுகளுக்கு முன்பே நம் சமூகத்தின் பேரறிஞர் ஒருவர் இதைத் தம்மிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார். வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் முன்னோடி என்று உலகம் கொண்டாடும் இப்னு கல்தூன் அவர்கள்தாம் அவர்.

துனிஸ் முதல் கோட்டை வரை

ஹிஜ்ரி 732 ரமழான் பிறை 1-இல், அதாவது 1332 மே 27-இல், துனிஸ் நகரில் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் பிறந்தார். யமனின் ஹள்ரமவ்த் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். ஸ்பெயினின் இஷ்பீலியாவில் (செவில்) பல தலைமுறைகள் செல்வாக்கோடு வாழ்ந்து, 1248-இல் அந்நகரம் கைநழுவுவதற்கு முன்பே ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து, ஹதீஸ், ஃபிக்ஹு, தர்க்கம் என்று கற்றார். அவருக்குப் பதினேழு வயதாகும் வேளையில் கொள்ளைநோய் துனிஸைத் தாக்கியது. பெற்றோர் இருவரையும் ஆசிரியர்கள் பலரையும் அதில் இழந்தார்.

பிறகு அரசுப் பணி. துனிஸ், ஃபெஸ், கிரனாடா என்று அரசவைகள் மாறின. ஃபெஸ் நகரில் சதிக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1357 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1364-இல் கிரனாடாவின் தூதராக இஷ்பீலியா சென்றபோது, அங்கேயே தங்கினால் மூதாதையரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாகக் கிறித்தவ மன்னர் பெத்ரோ சொன்னார். அவர் ஏற்கவில்லை.

அரசியலில் களைத்து, 1375-இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்தோடு ஒதுங்கினார். அங்கேதான் 1377-இல், ஐந்தே மாதங்களில், முகத்திமா என்னும் மாபெரும் நூலின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார்.

கனவைப் பற்றி அவர் கண்டது

ஆட்சிகள் எழுவதும் விழுவதும் ஏன் என்று ஆராய்ந்த அந்த நூலில், கனவுக்கும் அவர் இடம் கொடுத்தார். பகலில் ஆன்மா ஐம்புலன்களின் வேலையில் மூழ்கிக் கிடக்கிறது, தூக்கத்தில் அந்தத் திரை சற்று விலகுகிறது என்பது அவருடைய விளக்கம். விளக்கம் தேவைப்படாத தெளிவான கனவு அல்லாஹ்விடமிருந்து வருவது, உவமையாக வருவது மலக்கு வழியாக, குழப்பமானது ஷைத்தானிடமிருந்து என்று மூன்று வகைகளையும் எடுத்துச் சொன்னார்.

அடுத்து அவர் சொல்வது வியப்பானது. ஃகாயத்துல் ஹகீம் என்னும் பழைய நூலில், தூங்குமுன் உச்சரிக்க வேண்டிய சில சொற்கள் இருந்தன. ஹாலூமா என்று அவற்றுக்குப் பெயர். மனத்தை ஒருமுகப்படுத்தி அவற்றைச் சொல்லி, அறிய விரும்பும் விஷயத்தை நினைத்துப் படுத்தால் அது கனவில் தெரியும் என்றது அந்நூல். பல இரவுகள் உணவைக் குறைத்து திக்ரில் ஈடுபட்ட ஒருவர் இதைச் செய்தபோது, அவருடைய நிறைவான இயல்பே ஓர் ஆளாகக் கனவில் வந்து பதில் சொன்னதாம்.

இப்னு கல்தூன் தாமும் செய்து பார்த்தார். வியக்கத்தக்க கனவுகள் வந்தன என்றும், தம்மைப் பற்றி அறிய விரும்பியவற்றை அறிந்துகொண்டதாகவும் ஒளிக்காமல் எழுதினார்.

வேறு ஒருவராக இருந்தால் கனவை வசப்படுத்திவிட்டேன் என்று அறிவித்திருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் ஆன்மாவைத் தயார்ப்படுத்துகின்றன, அவ்வளவுதான் என்றார். ஆயத்தம் வலுவாக இருந்தால் கனவு வரும் வாய்ப்பு கூடலாம். ஆனால் ஒன்றுக்குத் தயாராகும் திறன் வேறு, அந்த ஒன்றின் மீதே அதிகாரம் பெறுவது வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஃகாயத்துல் ஹகீம் சூனியமும் தாயத்தும் பேசும் நூல். அந்தக் கலைகளை மார்க்கம் தடுத்திருக்கிறது என்று இதே முகத்திமாவில் அவர் எழுதியிருக்கிறார். எனவே பொருள் தெரியாத அந்தச் சொற்களைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கண்ட முடிவைத்தான்.

கடல் கொண்டுபோனது

அவருடைய வாழ்க்கையும் அதே பாடத்தைக் கற்றுத்தந்தது. 1382-இல் எகிப்து சென்று, கெய்ரோவில் பாடம் நடத்தி, 1384-இல் மாலிகி காழியானார். துனிஸிலிருந்து குடும்பத்தை வரவழைக்க சுல்தான் பர்கூக் மூலம் எல்லா ஏற்பாடுகளும் செய்தார். கரையை நெருங்கிய கப்பல் புயலில் மூழ்கியது. குடும்பமும் உடைமைகளும் கடலோடு போயின. ஏற்பாடு அவருடையது, முடிவு அல்லாஹ்வின் நாட்டம். துயரில் பதவியை விட்டு விலகி, 1387-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்.

1401-இல் திமிஷ்கை முற்றுகையிட்டிருந்த தைமூரைச் சந்திக்க, நகரின் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்றார். ரமழானில் பிறந்த அவர், ஹிஜ்ரி 808 ரமழானிலேயே (1406 மார்ச்) கெய்ரோவில் வஃபாத்தானார்.

நம் வீடுகளுக்கு

வரன் பார்க்கும்போது இஸ்திகாரா தொழுதுவிட்டு, கனவில் ஒன்றும் தெரியவில்லையே என்று நல்ல சம்பந்தத்தை நிறுத்திவைக்கும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். கனவு வரும் என்று இஸ்திகாரா ஹதீஸில் எங்கும் இல்லை. இரண்டு ரக்அத்தும் துஆவும் நம் பங்கு. பிறகு விசாரித்து, கலந்து பேசி, தவக்குல் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

இரவும் அப்படித்தான். உளூச் செய்து, வலப்பக்கம் சாய்ந்து, நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆக்களை ஓதிப் படுப்பது நம்மால் முடியும். கெட்ட கனவு வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவதும் முடியும். கனவை ஆளப் பழகுகிறேன் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தப் பேரறிஞரின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்போம். ஆயத்தமாவது நம் வேலை, அதற்கு மேலுள்ளது வல்ல நாயனின் நாட்டம்.