சிரிக்காத முகமும் கைவிட்டுப்போன உரிமையும்

படைப்பவரின் உழைப்பு வேறு. படைப்பின் மீதான உடைமை வேறு. இந்த வேறுபாட்டைப் பல்லாண்டுகள் பொருளாதார வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அதற்குத் தக்க சான்றாக எனக்குத் தோன்றுவது ஆலைத் தொழிலாளியின் வரலாறு அன்று. மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் வாழ்க்கை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1895-ஆம் ஆண்டு, ஊர் ஊராகச் சென்ற மேடைக் கலைஞர் இணையருக்குப் பிறந்தவர் அவர். மேடையில் தந்தை தூக்கி எறிவார்; சிறுவன் சலனமற்ற முகத்துடன் எழுந்து நிற்பான். தான் சிரிக்காதபோதே அரங்கம் மிகுதியாகச் சிரிக்கிறது என்பதை அங்கேதான் கற்றார். 1917-இல் ரோஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படங்கள் வழியே திரைக்கு வந்தார்.

1920-இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்குத் தனிப் படப்பிடிப்புத் தளம் அமைத்துத் தந்தார். அடுத்த எட்டு ஆண்டுகள் கீட்டனின் பொற்காலம். 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் கழுத்தெலும்பு முறிந்தது. அது தெரியவந்ததோ பல ஆண்டுகளுக்குப் பிறகு. 'தி ஜெனரல்' படத்துக்காக எரியும் பாலத்திலிருந்து உண்மையான ரயில் எஞ்சினையே ஆற்றில் விழச் செய்தார். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழுந்ததால் உயிர் தப்பினார்.

ஊதியமும் இலாபத்தில் ஒரு பகுதியும் அவருக்குக் கிடைத்தன. ஆனால், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இல்லை. சார்லி சாப்ளினும் ஹரால்ட் லாயிடும் தங்கள் படங்களைத் தங்கள் உடைமையாகவே வைத்திருந்தனர். 1928-இல் ஷெங்கின் சொற்படி எம்.ஜி.எம். நிறுவனத்தில் கீட்டன் சேர்ந்தார். வேண்டாம் என்று அவ்விருவரும் எச்சரித்தும் பயனில்லை.

பேசும்படம் அவரை வீழ்த்தியது என்பார்கள். நான் அதை ஏற்பதற்கில்லை. அங்கு அவர் நடித்த பேசும்படங்கள் வசூலில் குறை வைக்கவில்லை. தளத்தில் நின்று காட்சியை உருவாக்கி வந்தவர், பிறர் எழுதிய வசனத்துக்கும் மேற்பார்வையாளர்களின் ஆணைக்கும் உட்பட வேண்டியதாயிற்று. முடிவெடுக்கும் உரிமை போனதும் மதுவுக்கு அடிமையானார், மணவாழ்வு முறிந்தது, 1933-இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தில், பிறர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதித் தரும் வாரக் கூலியாளராகத் திரும்பினார்.

ஆயினும் காலம் அவரைக் கைவிடவில்லை. 1950-களில் பழைய படங்கள் மீட்கப்பட்டன; 1960-இல் சிறப்பு ஆஸ்கார் விருது வந்தது; 1965-இல் வெனிஸ் திரைப்பட விழா எழுந்து நின்று கரவொலி எழுப்பியது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

கரவொலி திரும்பியது, உரிமை இழந்து கழிந்த ஆண்டுகளில் அவர் எடுத்திருக்கக்கூடிய படங்கள் திரும்பவில்லை. இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளம் கலைஞர்கள், ஊதியத் தொகையைப் பார்ப்பதற்கு முன், படைப்பு யாருக்கு உரியது என்னும் பிரிவைப் படிக்க வேண்டும்.