தட்டச்சுக்குத் தமிழ் தந்த முத்தையா



கிரிவலம் வரும் அன்பர்கள் நடந்து செல்லும் நம் அடி அண்ணாமலையில் ஒரு பெண் பள்ளிப் படிப்பை முடித்ததும், வீட்டார் கேட்கும் கேள்விகளில் ஒன்று, டைப்ரைட்டிங் சேர்ந்தாயா என்பது. திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிப் போய் அதைக் கற்று, இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறி, அரசு அலுவலகத்தில் தட்டச்சராக அமர்ந்து, தம்பி தங்கையரைக் கரையேற்றிய அக்காமார்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுடைய விரல்களுக்கு அடியில் தமிழ் எழுத்துக்களை வைத்துக் கொடுத்த மனிதரைப் பற்றி நம் பாடநூல்களில் அதிகம் காண முடிவதில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத முற்பட்டேன்.

அவர் பெயர் இரா. முத்தையா. இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆங்கிலம் கற்று, கப்பலேறி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுத்தர் வேலை தேடிச் செல்வது வழக்கம். முத்தையாவும் 1907இல் அவ்வாறே சென்றார். முதலில் இருப்புப்பாதைத் துறையில் வேலை. பிறகு ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, தம் உழைப்பால் தலைமை எழுத்தராக உயர்ந்தார். சுருக்கெழுத்து, தட்டச்சு, கணக்குப் பதிவு ஆகியவற்றைப் பயின்று தேர்ந்தார்.

அலுவலகத்தில் அவர் கையாண்டது ஆங்கிலத் தட்டச்சுப் பொறி. அதன் வரலாற்றையும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அச்சுத் தொழிலாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த கிறிஸ்டபர் ஷோல்ஸ் என்பவர் 1868இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874இல் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஷோல்ஸ் தம் மகளையே அப்பொறியின் முன் அமர்த்திப் படம் எடுத்தார். வீட்டை விட்டு வெளியே வேலைக்குச் செல்லாத பெண்கள் அலுவலக வாசலை மிதித்ததற்கு அந்தப் பொறி ஒரு பெரிய காரணம்.

ஆனால் அது ஆங்கிலத்துக்கு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக 52தான். தமிழிலோ 247! ஒரு பொறியில் ஏறத்தாழ 45 விசைகள் இருக்கும். விசைக்கு இரண்டு எழுத்து வீதம் பார்த்தாலும் 90 இடங்களே கிடைக்கும். எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் போக மிச்சம் இன்னும் குறைவு. படி நிறைய நெல்லை உழக்கில் அளக்கச் சொன்ன கதைதான்.

தமிழால் முடியாது என்று பலர் கைவிட்டிருக்கக்கூடிய இந்தக் கணக்கைத்தான் முத்தையா கையில் எடுத்தார். தங்கைகளே, கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது சுவையான கணக்கு. கா, கெ, கே, கை என்பவற்றைப் பாருங்கள். கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கும் ககரத்தைத் தொடாமல் தனியே நிற்கின்றன. இந்த நான்கு குறிகளுக்கும் ஆளுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டால் ஆ, எ, ஏ, ஐ வரிசைகள் முடிந்தன. கொம்பையும் காலையும் சேர்த்தால் ஒ, ஓ வரிசைகள். கொம்போடு ளகரத்தை அடித்தால் ஔ வரிசை. நான்கே குறிகளில், ளகரத்தின் துணையோடு, 126 எழுத்துக்கள்! (அக்காலத்தில் ணா, றா, னா போன்ற சிலவும், ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் எழுதப்பட்டன. அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பின்பே இங்கு அத்தொல்லை தீர்ந்தது.)

இரட்டைக் கொம்பு என்றதும் நம் வீரமாமுனிவர் நினைவுக்கு வராமல் இருப்பாரா? எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டி எழுதும் முறையைத் தந்தவர் இயேசு சபைத் துறவியான அவர் என்றே தமிழுலகம் போற்றி வருகிறது. ஓலையில் எழுத்தாணி பிடித்த முனிவர் அமைத்த குறிக்கு இருநூறு ஆண்டுகள் கழிந்து இரும்பிலே ஒரு விசை கிடைத்தது.

இனி மெய்யெழுத்துக்களும் இகர ஈகார வரிசைகளும். புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் அல்லவா நிற்க வேண்டும்? தட்டச்சுப் பொறியில் ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓரிடம் நகர்ந்துவிடும். நகர்ந்தால் புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இதற்கு வழி நகரா விசை. அதைத் தட்டினால் புள்ளி மட்டும் தாளில் பதியும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் ககரம் அதே இடத்தில் வந்து விழ, புள்ளி பெற்ற ககரம் பிறக்கும். கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. பொறியிலோ புள்ளி முதலில், எழுத்து பிறகு. தமிழ்த் தட்டச்சுக் கற்பவர்கள் முதல் வாரத்தில் திணறுவது இந்தத் தலைகீழ்ப் பழக்கத்தால்தான். மூன்று குறிகளில் 54 எழுத்துக்கள் இவ்வாறு அடங்கின. டி, டீ மட்டும் அடங்காமல் தனி இடம் கேட்டன. எந்தக் குடும்பத்திலும் அப்படி ஓரிருவர் உண்டு.

உகர ஊகார வரிசைகள்தாம் உண்மையான தலைவலி. கு ஒரு விதம், டு ஒரு விதம், மு ஒரு விதம், து ஒரு விதம். இவற்றுக்கு வடிவங்களைத் தனித்தனியே வைத்தே ஆகவேண்டும். ஆகவே ககரம் உள்ள விசையின் மேலிடத்தில் கு, மகர விசையின் மேலிடத்தில் மு, டகர விசையின் மேலிடத்தில் டு என்று பலவற்றை இணையிணையாக அமைத்தார்கள். அடிக்கடி வரும் எழுத்துக்கள் வலுவான விரல்களின் கீழும், அருகி வருபவை ஓரத்திலும் இடம்பெற்றன. இன்று பயிலகங்களில் முதல் பாடமாக இடக்கைக்குச் சொல்லித் தரும் யளனகப என்ற வரிசை இந்த விசைப்பலகை வழி வந்ததே.

வரைபடம் தாளில் இருந்தால் போதுமா? வார்த்துத் தர ஆலை வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த பின், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் நௌமான் நிறுவனத்திடம் தம் அமைப்பை ஒப்படைத்தார். தையல் பொறியும் மிதிவண்டியும் செய்து பெயர்பெற்ற ஆலை அது. தமிழ் தெரியாத கம்மியர்கள் தமிழ் எழுத்தை எஃகில் வடித்தார்கள். வளைவிலும் சுழியிலும் சிறு பிழை நேர்ந்தாலும் எழுத்து வேறாகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓர் எழுத்தர் கடல் கடந்து நடத்திய இந்தப் பணியின் அருமை விளங்கும். கையில் எடுத்துச் செல்லக்கூடிய பிஜு என்ற சிறிய பொறியும் தமிழ் எழுத்தோடு வெளிவந்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை இன்று போற்றுகிறோம்.

1956இல் தமிழ் நம் மாநிலத்தின் ஆட்சிமொழியாகச் சட்டம் பெற்றது. தமிழில் ஆணை பிறப்பிக்கவேண்டும் என்றால், பிறப்பித்ததைப் படியெடுக்கப் பொறி வேண்டுமே! அலுவலகங்களில் தமிழ்ப் பொறிகள் வந்தன. அவற்றின் முன் பெண்கள் அமர்ந்தார்கள்.

பின்னர்க் கணினி வந்தது. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தமிழ் எழுத்துருக்களைச் செய்தனர். ஒரு கணினியில் அடித்த கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பிப் போகும். முத்தையா வாழ்ந்த அதே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி (1946–1999) இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டை அடுத்து தமிழ்99 என்ற விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாயிற்று.

இன்று ஒரே மேசையில் இரண்டு கணினிகளை வைத்து, ஒரே விசைப்பலகையாலும் ஒரே சுட்டியாலும் இரண்டையும் இயக்குகிறார்கள். சுட்டி ஒரு திரையின் விளிம்பைத் தாண்டினால் பக்கத்துத் திரைக்குள் நுழைந்துவிடும்; இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டலாம். இரு கணினிகளும் தமிழுக்கு ஒரே ஒருங்குறியைப் பேசுவதால், ஒட்டிய இடத்திலும் தமிழ் தமிழாகவே நிற்கிறது. தமிழ்99 வந்து இத்தனை ஆண்டுகளாகியும், பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்காகத் தமிழ் மென்பொருள்கள் பலவற்றில் தட்டச்சு விசைப்பலகை என்று ஒன்றைத் தனியே வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்து இடக்கையை வைத்தால், சுண்டு விரலுக்கு அடியில் யகரம் இருக்கும். அடுத்து ளகரம், னகரம், ககரம்.