அரசனைச் சேராத விண்ணப்பம்



அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரின் வடபாகத்தில் ஒரு பாராளுமன்றத் தொகுதி உண்டு. நெடுங்காலம் அது பற்மன் என்னும் பெயரால் வழங்கிற்று. ஜோன் பற்மன் என்பவர் 1835ஆம் ஆண்டில் அப்பகுதிக்கு வந்த வெள்ளையர். போர்வை, கத்தி, கண்ணாடி, மா முதலியவற்றைக் கொடுத்து, ஏறக்குறைய 6 இலட்சம் ஏக்கர் நிலத்தை ஆதிக்குடிகளிடம் வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதிக்கொண்டவர். அப்பத்திரம் செல்லாது என்று ஆளுநர் அறிவித்தார். ஆதிக்குடிகளுக்கு நீதி செய்யவேண்டும் என்பதற்காக அல்ல. நிலமெல்லாம் முடிக்கே உரியது என்பதற்காக.

2018ஆம் ஆண்டில் அத்தொகுதியின் பெயர் மாற்றப்பட்டது. புதிய பெயர் கூப்பர். யார் இந்தக் கூப்பர்?

வில்லியம் கூப்பர் 1860ஆம் ஆண்டளவில், மறே நதிக்கரையில், யோற்றா யோற்றா என்னும் ஆதிக்குடி மக்களிடையே பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் அம்மக்களின் வேட்டைக்காடுகள் ஆட்டுப் பண்ணைகளாக மாறிவிட்டிருந்தன. நோயும் வறுமையும் அவர்களின் தொகையைக் குறைத்துக்கொண்டு வந்தன. 1874இல் டானியேல் மத்தியூஸ் என்னும் கிறீஸ்தவர் நதியோரத்தில் மலோகா என்ற இடத்தில் ஒரு மிசன் நிலையத்தைத் தொடங்கினார். கூப்பரின் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது.

அங்கே எழுத்தறிவித்தவர்களுள் ஒருவர் நம் கவனத்துக்குரியவர். தோமஸ் ஷத்ராக் ஜேம்ஸ் என்பது அவர் பெயர். மொறீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கூப்பரின் சகோதரியையே மணந்து, தம் வாழ்நாளை அம்மக்களின் கல்விக்கு ஈந்தார். அவர் கற்பித்த எழுத்து பிற்காலத்தில் அரசாங்கத்தின் கதவைத் தட்டும் ஆயுதமாயிற்று.

1884இல் கூப்பர் கிறீஸ்துவை ஏற்றார். ஆட்டு மயிர் கத்தரித்தும், குதிரை பழக்கியும், கூலிவேலை செய்தும் குடும்பத்தைக் காத்தார். மலோகா மக்கள் 1888இல் அயலிலுள்ள கமறகஞ்சா என்னும் ஒதுக்கிடத்துக்குப் பெயர்ந்தார்கள். காடு வெட்டிக் கோதுமை விளைவித்தார்கள். சில குடும்பங்களுக்குத் தனித்தனிக் காணித்துண்டுகளும் கிடைத்தன. ஆனால் நிலம் பண்பட்டபின், 1907ஆம் ஆண்டில், அத்துண்டுகளை அதிகாரிகள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

முதலாம் உலகப்போரில் அவருடைய மகன் டானியேல் அவுஸ்திரேலியப் படையிற் சேர்ந்து 1917இல் களத்தில் மடிந்தான். நாட்டுக்காகப் பிள்ளையைக் கொடுத்த தகப்பனுக்கு அந்நாட்டில் முழுமையான குடியுரிமை இருக்கவில்லை. சனத்தொகைக் கணக்கிலே கூட ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்று அரசியலமைப்பு விதித்திருந்தது.

வாசகரே, எழுபது வயதைக் கடந்தவர்கள் ஓய்வை நாடுவார்கள். கூப்பரின் பணியோ அப்போதுதான் ஆரம்பமாயிற்று. ஒதுக்கிடத்தில் வாழும் ஆதிக்குடிகளுக்கு முதியோர் உதவிப்பணம் கிடையாது. ஆகவே 1933இல் அவர் கமறகஞ்சாவை விட்டு மெல்பேணின் தொழிலாளர் பகுதியான புட்ஸ்கிறேயிற் குடியேறினார். அந்தச் சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு கடிதம் எழுதத் தொடங்கினார். அமைச்சர்களுக்கு எழுதினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் சங்கத்தை அமைத்து அதன் செயலாளரானார்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு ஒரு விண்ணப்பமும் தயாரித்தார். தம் இனம் அழியாமற் காக்கப்படவேண்டும், வாழ்க்கை நிலை சீர்பெறவேண்டும், பாராளுமன்றத்தில் தமக்கொரு பிரதிநிதி வேண்டும் என்பவையே அதிற் கேட்கப்பட்டவை. பரந்த அக்கண்டத்திலே, பலவிடத்தும் அதிகாரிகளின் தடைகளுக்கிடையில், 1814 கையொப்பங்கள் சேர்ந்தன. 1937இல் விண்ணப்பம் பிரதமரிடம் அனுப்பப்பட்டது. அதற்குள் மன்னர் இறந்து, அவர் மகன் ஆறாம் ஜோர்ஜ் அரசராகியிருந்தார். புதிய மன்னருக்கும் அது போய்ச் சேரவில்லை. அனுப்புவதால் பயனில்லை என்று 1938இல் மந்திரிசபை தீர்மானித்தது.

கூப்பர் சோர்ந்தாரா? வெள்ளையர் வந்திறங்கிய 150ஆவது ஆண்டு 1938 ஜனவரி 26இல் கோலாகலமாகக் கொண்டாடப்பட்டது. அதே நாளில் சிட்னியில் ஆதிக்குடிகள் துக்கதினம் அனுட்டித்தார்கள். வில்லியம் பேர்குசன், ஜாக் பற்றன் ஆகியோருடன் அதை நடத்தியவர்களுள் கூப்பரும் ஒருவர்.

அதே ஆண்டு நவம்பரில் ஜேர்மனியில் யூதரின் ஆலயங்களும் கடைகளும் எரிக்கப்பட்ட செய்தி வந்தது. டிசம்பர் 6ஆந் திகதி, கூப்பரின் சங்கத்திலிருந்து ஒரு தூதுக்குழு கண்டனத் தீர்மானத்தோடு மெல்பேணிலிருந்த ஜேர்மன் தூதரகத்துக்குச் சென்றது. தூதர் அதை ஏற்க மறுத்தார். தமக்கே வாக்குரிமைக்காக வாசல்தோறும் நின்றவர்கள், கடலுக்கப்பால் முகமறியாத ஓரினத்துக்காக மற்றொரு வாசலிற் போய் நின்றார்கள். தம் துயரத்தால் இதயம் இறுகிப்போகாதவர்களுக்கே இது கூடும்.

1939 பெப்ருவரியில், உணவுக் குறைவையும் அதிகாரியின் கடுமையையும் பொறுக்காத கமறகஞ்சா மக்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மறே நதியைக் கடந்து வெளியேறினார்கள். முதியவர் கூப்பர் அவர்களுக்காகவும் எழுதினார். அரசாங்கம் இணங்கவில்லை. 1941 மார்ச் 29இல் அவர் காலமானார். அவர் உடல் கமறகஞ்சா மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

உலகக் கணக்கிற் பார்த்தால், கேட்ட எதையும் அவர் பெறவில்லை. ஆனால் விதைத்தது முளைத்தது. 1962இல் ஆதிக்குடிகள் அனைவருக்கும் சமஷ்டித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. 1967ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஆதரித்து, ஆதிக்குடிகளைக் கணக்கில் விலக்கிய விதியை நீக்கினர். 1971இல் நெவில் பொனர் பாராளுமன்றத்தின் செனற் சபையில் அமர்ந்த முதல் ஆதிக்குடி மகனானார். கூப்பரின் உறவினரும் அவர் வழிநின்றவருமான போதகர் டக் நிக்கல்ஸ் 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். யூதருக்காக எழுந்த குரலையும் உலகம் மறக்கவில்லை. 2010இல் ஜெருசலேமிலுள்ள யாட் வாஷெம் நினைவகம் கூப்பரின் பெயரால் ஓர் ஆய்வுப் பதவியை நிறுவியது.

பதில் வராத கடிதத்தை எழுதுவது வீண் என்று நாமும் சிலவேளை எண்ணுவதுண்டு. நியாயத்துக்காக ஒரு விண்ணப்பத்தில் ஒப்பமிடக் கேட்டால், இதனால் என்ன ஆகப்போகிறது என்று விலகுவதுமுண்டு. பத்திரத்தால் நிலம் பிடித்தவரின் பெயர் அத்தொகுதியை விட்டு அகன்று, விண்ணப்பத்தால் நீதி கேட்டவரின் பெயர் அங்கே ஏறுவதற்குக் கூப்பர் இறந்தபின் 77 ஆண்டுகள் சென்றன. அன்று ஒப்பமிட்ட 1814 பேருள் மிகப் பலர் அதைக் காணவில்லை. ஆயினும், வாசகரே, அவர்கள் ஒப்பமிட்டார்கள்.